டிசம்பர் லீவில் குட்டிகள் பார்ட்டி: வீடா, அசோசியேஷன் ஹாலா, ப்ளே ஏரியாவா?

அரையாண்டுத் தேர்வு முடியும் நேரத்தில் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் ஆரம்பித்து வைப்பார்: "குழந்தைங்களுக்கு ஒரு கிறிஸ்துமஸ் பார்ட்டி வைக்கலாமா?" எல்லோரும் சரி என்பார்கள். எங்கே வைப்பது என்று கேட்டதும் குழு மூன்றாகப் பிரியும். சென்னையில் வருஷா வருஷம் நடக்கிற கூத்து இது. நான் இங்கே பேசுவது மூன்று முதல் ஆறு வயது வரை உள்ள வாண்டுகளைப் பற்றி மட்டும். பத்து வயதுப் பிள்ளைகளுக்குக் கணக்கே வேறு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டுக் குழந்தைகளுக்குள் என்றால் வீடு. பதினைந்து, இருபது என்றால் அசோசியேஷன் ஹால். மாலில் இருக்கும் ப்ளே ஏரியா, ஒன்றாம் வகுப்பு தாண்டியவர்களுக்கு.

வீட்டின் பெரிய பலம், தூங்கி விழும் குழந்தையைப் போட ஒரு கட்டில், அவசரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பாத்ரூம், பால் காய்ச்ச ஓர் அடுப்பு. இந்த மூன்றும் வேறெங்கும் ஒன்றாகக் கிடைக்காது. பலவீனம், தலைக்கணக்கு. எட்டுக் குழந்தை என்றால் எட்டு அம்மாக்கள், இரண்டு பாட்டிகள், தவழும் தம்பி தங்கைகள் என்று ஒரு டூ பெட்ரூம் ஃபிளாட்டில் இருபது பேருக்கு மேல் சேர்ந்துவிடுவார்கள். இன்னொரு தொல்லை, வீட்டுக்காரப் பிள்ளையின் பொம்மை. வந்தவர்களில் யாராவது அவன் சிவப்புக் காரைத் தொட்டால் போதும், பார்ட்டி முடிந்தது. உயிரான நாலு பொம்மைகளை முந்தின நாளே பரணில் ஏற்றிவிட்டு, பொதுவில் விளையாடுவதை மட்டும் கீழே வையுங்கள். அப்புறம், போண்டாவை வீட்டிலேயே சுடும் வீராப்பு வேண்டாம். கொதிக்கும் எண்ணெயும் ஓடும் குழந்தைகளும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது.

ஹாலில் இடத்துக்குப் பஞ்சமில்லை, வாடகையும் பெரும்பாலும் கை கடிக்காது. ஆனால் டைல்ஸ் தரை, வெறும் சுவர், திரை இல்லாத ஜன்னல் என்று இருக்கும் ஹாலில் ஸ்பீக்கர் வைத்தால் சத்தம் மோதி எதிரொலிக்கும். மூன்று வயதுக் குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அம்மா புடவைக்குள் போய்விடும். மைக் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு நடுவில் ஜமுக்காளம் விரித்தால் ஹாலின் முகமே மாறும். டாய்லெட் சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறதா, செக்ரட்டரியிடமா என்று முன்பே கேட்டு வாங்கி வையுங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம் வாசல். நிறைய அபார்ட்மென்ட்களில் ஹால் கதவைத் திறந்தால் நேரே கார் பார்க்கிங். ரிவர்ஸ் எடுக்கும் கார்க்காரர் கண்ணுக்கு மூன்றடிக் குழந்தை தெரியாது. வாசலில் ஒரு பெரியவர் நாற்காலி போட்டு உட்கார வேண்டும்; அவருக்கு வேறு வேலை எதுவும் கொடுக்கக் கூடாது, போட்டோ எடுப்பது உட்பட.

மொட்டை மாடியில் வைக்கலாமே என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். சீரியல் லைட் கட்டினால் போட்டோவில் அழகுதான். ஆனால் டிசம்பர் என்பது வடகிழக்குப் பருவமழை முழுசாக விலகாத மாதம். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்து சென்னையே தண்ணீரில் நின்றது. மழை இல்லாவிட்டாலும் மார்கழிப் பனி இருக்கிறது, கைப்பிடிச் சுவர் இருக்கிறது. வேண்டாம்.

ப்ளே ஏரியாவில் மழை, துடைப்பம், பாத்திரம் எந்தக் கவலையும் இல்லை. காசைக் கொடுத்தால் வேலை முடிந்தது. ஆனால் பேக்கேஜைக் கொஞ்சம் உற்றுப் படியுங்கள். குறைந்தது இத்தனை பேர் என்று ஒரு கணக்கு இருக்கும். வழுக்காத கிரிப் சாக்ஸுக்குத் தனிக் காசு கேட்பார்கள். சில இடங்களில் கூட வரும் பெரியவர்களுக்கும் டிக்கெட். நேரம் முடிந்ததும் அடுத்த பார்ட்டிக்காரர்கள் கேக்கோடு வாசலில் நிற்பார்கள். இதெல்லாம் பணச் சங்கதி. என் தயக்கம் வேறு. லீவு நாளில் பெரிய பையன்களும் அங்கேதான் வந்து குதிப்பார்கள். ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களை டிராம்போலினில் விடவே வேண்டாம் என்று அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர்கள் அகாடமி சொல்கிறது. கிறிஸ்துமஸ் என்பதற்கு அங்கே இருக்கும் ஒரே அடையாளம், கவுன்ட்டரில் இருக்கும் தம்பியின் சிவப்புக் குல்லா.

காலையா, மாலையா

பெரியவர்கள் மாலையைத்தான் கேட்பார்கள். குழந்தைகளுக்குக் காலை பத்தரை முதல் பன்னிரண்டரை. மதியத் தூக்கத்துக்கு முன் வயிறும் நிறைந்து வீடு போய்ச் சேர்ந்துவிடலாம். மாலை என்றால் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டி வர வேண்டும். அரைத்தூக்கத்தில் வரும் குழந்தை முதல் அரைமணி நேரம் இடுப்பை விட்டு இறங்காது. கொசு வேறு. தேதி விஷயத்தில், 25-ஐ விட்டுவிடுங்கள். கிறிஸ்தவக் குடும்பங்கள் ஆராதனை, உறவினர் வீடு என்று ஓடிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பண்டிகையைக் கொண்டாடிவிட்டு அவர்களையே விட்டுவிடுவது நன்றாக இருக்காது. 24 வந்தால் பாதி ஃபிளாட்டுகள் ஊருக்குக் கிளம்பிவிடும். அதற்கு முந்தைய சனி அல்லது ஞாயிறுதான் தோது.

கிறிஸ்துமஸ் தாத்தா யார்?

முழு உடையும் பிளாஸ்டிக் முகமூடியும் வாடகைக்குக் கிடைக்கும். இதில் நான் கறார்: முகமூடி கூடாது. அசையாத வாயும் ஓட்டைக் கண்ணுமாக ஒரு முகம் மணியடித்துக்கொண்டு கதவைத் திறந்தால், ஒரு குழந்தை அலறும், அதைப் பார்த்து மற்றவையும் அலறும். அதைவிட, தெரிந்த அப்பா ஒருவர் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, குழந்தைகள் கண்ணெதிரே சிவப்புச் சட்டையைப் போட்டு, பஞ்சுத் தாடியை ஒட்டிக்கொள்ளட்டும். "இது ரோஷன் அப்பா!" என்று கத்துவார்கள், கத்தட்டும். மர்மம் போய்விடுமே என்று பெரியவர்கள்தான் வருத்தப்படுவார்கள். தாடியைப் பிடித்து இழுத்துப் பார்க்க வரிசை கட்டுவதுதான் அன்றைய முக்கிய விளையாட்டாக இருக்கும்.

மேஜிக் ஷோவும் இதே வகைதான். எது நடக்காது என்று தெரிந்தவனுக்குத்தான் நடந்தது ஆச்சரியம். நாலு வயதில் தொப்பியிலிருந்து புறா வருவதும் ஃபிரிட்ஜிலிருந்து தண்ணீர் வருவதும் ஒன்றே. அந்தக் காசுக்குக் கூடமாட ஒத்தாசைக்கு இரண்டு கல்லூரிப் பெண்களை வைத்துக்கொள்ளலாம். ஒருவர் அட்டை நட்சத்திரத்தில் பொட்டு ஒட்டச் சொல்லித் தரட்டும், இன்னொருவர் குலை குலையா முந்திரிக்கா ஆட வைக்கட்டும். மியூசிக்கல் சேரை விட அது மேல். ஏனென்றால் அதில் யாரும் அவுட்டாகி மூலையில் உட்கார்ந்து அழ மாட்டார்கள்.

தட்டில் என்ன

பிரியாணி பாக்ஸ் சுலபம், ஆனால் பெரியவர்களுக்குத்தான் சுலபம். காரம், எலும்பு, ஊட்டிவிடும் வேலை. அதோடு இது மாலை போட்ட அப்பாக்களின் சீசன். ஹாலில் அசைவம் கூடாது என்ற விதியும் சில இடங்களில் உண்டு. சைவமாகவே போய்விட்டால் வாக்குவாதம் மிச்சம். நெய் தடவிய மினி இட்லி, சின்ன ஊத்தப்பம், வாழைப்பழம், கேக். கல்கல் என்ற கிறிஸ்துமஸ் பலகாரமும் அச்சு முறுக்கும் பண்டிகைக்கு இருக்கட்டும், பெரியவர்கள் பக்கத்தில். வேர்க்கடலை, முழுத் திராட்சை இரண்டும் இந்த வயதில் தொண்டையில் சிக்கும். திராட்சையை நீளவாக்கில் வெட்டிப் போடுங்கள். பேக்கரி பிளம் கேக் என்றால் பழத்தை ரம்மில் ஊறவைத்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டால் போடுகிறேன் என்று கேட்டரிங்காரர் ஆசை காட்டுவார். கலர் பஞ்சு மிட்டாய்க்கு, ரோடமைன் பி என்ற துணிச் சாயம் கலந்திருந்ததால், 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தடை வந்தது. வாயில் புகை வரும் ஸ்மோக் பிஸ்கட், கடுங்குளிரான திரவ நைட்ரஜன் சமாச்சாரம், கிட்டவே சேர்க்காதீர்கள். பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், ஸ்ட்ரா எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் இங்கே தடைதான். பாக்குமட்டைத் தட்டு ஜமுக்காளத்தில் கவிழாமல் நிற்கும்.

பலூனில் பறக்கும் பலூன் வேண்டாம். ஹீலியம் எரியாது, விலை அதிகம். அதனால் ஹைட்ரஜனை அடைத்து விற்பவர்கள் உண்டு, அது மெழுகுவர்த்தி பட்டால் பற்றிக்கொள்ளும். ஸ்னோ ஸ்ப்ரேயும் அப்படித்தான், அதில் இருக்கும் வாயு எரியக்கூடியது. ஊதிக் கட்டும் சாதாரண பலூன் போதும். உடைந்த துண்டுகளை மட்டும் உடனே பொறுக்கிவிடுங்கள், வாயில் போனால் மூச்சை அடைக்கும்.

ரிட்டர்ன் கிஃப்டில் ஆளுக்கொரு தினுசா, எல்லோருக்கும் ஒன்றேவா என்ற கேள்விக்கு என் பதில்: ஒன்றே, நிறம் உட்பட. பாரிமுனை மொத்தக் கடைகளில் க்ரேயான், படப் புத்தகம், பந்து என்று டஜன் கணக்கில் வாங்கலாம். பொம்மை என்றால் ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள், பட்டன் பேட்டரி உள்ளதைத் தவிருங்கள். எண்ணிக்கைக்கு மேல் நாலு கூடுதலாக வாங்கி வையுங்கள். லீவுக்கு வந்த அத்தை பையன், மாமா பெண் யாராவது கூட்டத்தில் நிச்சயம் இருப்பார்கள்.