டிடிஎஸ் கடிதத்தைப் படிக்காமல் நான் கட்டிய தண்டம்

கிருஷ்ணகிரி பக்கம் சின்னதாக ஒரு மாங்கூழ் ஆலை வைத்திருக்கிறேன். சீசன் கூலி ஆட்களை விட்டால், சம்பளத்திலேயே வருமான வரி (அதுதான் டிடிஎஸ்) பிடிக்க வேண்டியவர்கள் இரண்டே பேர்: மேனேஜரும் லேப் பார்க்கிறவரும். இருவருக்கும் சேர்த்து மாதம் 6,500 ரூபாய். இந்தச் சின்னத் தொகையில்தான் ஏமாந்தேன்.

டவுனில் ஒருவர் கணக்குப் பார்த்தார். ஊரே அவரை ஆடிட்டர் என்றுதான் கூப்பிடும். சிஏ முடித்தவர் இல்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. பிடித்த வரியை மாதாமாதம் அவருக்கே ஜிபேயில் அனுப்பிவிடுவேன், அவர் கட்டுவார் என்று. முதல் தப்பு அது.

2024 மே மாதம், பெங்களூரா மாங்காய் லோடு வாசலில் வரிசை கட்டி நிற்கிற நேரத்தில், காஜியாபாத்தில் இருக்கிற வருமான வரித் துறையின் டிடிஎஸ் மையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். "அது கம்ப்யூட்டர் தானா அனுப்பறதுங்கண்ணா, நான் பாத்துக்கறேன்" என்றார். சரி என்று லாரி வாடகை பில்களோடு அதைச் சொருகிவிட்டேன்.

உண்மையில் அதில் எல்லாமே இருந்தது. வருமான வரிச் சட்டம் 200ஏ பிரிவில் வந்த கடிதம் அது. 2023 அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான 24க்யூ கணக்கை, அதாவது சம்பளத்தில் பிடித்த வரிக்கான காலாண்டுக் கணக்கை, ஜனவரி 31க்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். போனது மார்ச் 15. நாளுக்கு 200 வீதம் 44 நாளுக்கு 8,800 ரூபாய், 234இ பிரிவின் தாமதக் கட்டணம். அதற்குக் கீழே வட்டி, 1,460 சொச்சம். நான் அந்த வட்டித் தொகையில்தான் கண்ணை வைத்திருக்க வேண்டும். பிடித்த வரியை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்டிவிட்டால் வட்டியே கிடையாது. தவறினால் மாதம் ஒன்றரை சதவீதம், அதுவும் பிடித்த நாளிலிருந்து. மாதம் பிறந்ததும் நான் கொடுத்த பணத்துக்கு வட்டி எப்படி வரும்? மார்ச் வரை அது அவர் கையில் புரண்டிருக்கிறது.

அக்டோபரில் மேனேஜர் ஒரு காகிதத்தோடு வந்தார். அவர் போட்ட ரிட்டர்னுக்கு, வரி பாக்கி இருக்கிறது, கட்டு என்று வருமான வரித் துறையின் பெங்களூரு மையம் 143(1) பிரிவில் நோட்டீஸ் அனுப்பியிருந்தது. "பிடிச்சீங்கல்லண்ணா?" என்றார். எனக்கு நாக்கு எழவில்லை. அவர் பேரில் கட்டிய வரியைக் காட்டுகிற 26ஏஎஸ் கணக்கைத் திறந்து பார்த்தால் ஜனவரி முதல் மார்ச் வரை காலி. வரி பிடித்ததற்கான சான்று, படிவம் 16, கொடுத்தோமே என்றால், அது ஆடிட்டர் எக்செலில் அடித்தது! அதன் பாகம் ஏ, ட்ரேசஸ் என்கிற அரசு டிடிஎஸ் தளத்திலிருந்து இறக்கினதாக இருக்க வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியாது. ட்ரேசஸில் என் நிறுவனத்துக்குப் பதிந்திருந்த மெயிலும் செல் நம்பரும் அவருடையவை. வந்த எச்சரிக்கையெல்லாம் திருடனுக்கே போயிருக்கிறது.

அந்தக் காலாண்டின் 19,500 ரூபாயை மறுபடி கட்டினேன். தாமதக் கட்டணம் வரித் தொகையைத் தாண்டக்கூடாது என்று சட்டம் இருப்பதால் அதுவும் 19,500இல் நின்றது. வட்டி 2,600க்கு மேல். பழைய கடிதத்தின் பாக்கி தனி; 30 நாளில் கட்டாததால் அதற்கும் மாதம் ஒரு சதவீதம் ஏறியிருந்தது. கொடுத்த பணத்தைக் கேட்டால் "அடுத்த வாரம்ண்ணா" என்கிறார். எத்தனை வாரமோ.

சம்பளம் வாங்குகிற பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று: முதலாளி பிடித்துக் கட்டாமல் விட்ட வரியை உங்களிடம் கேட்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. சம்பளச் சீட்டும் பேங்க் ஸ்டேட்மென்டும் பத்திரமாக இருக்கட்டும். ஆண்டுக் கடைசி வரை காத்திருக்காமல் உங்கள் பேரில் வரி ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் அவ்வப்போது திறந்து பாருங்கள். என்னைப் போன்ற முதலாளிகள், ட்ரேசஸில் யார் நம்பர் இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

விடுபட்ட கணக்கைத் தாக்கல் செய்து, 26ஏஎஸ்ஸில் வரி ஏறிய பிறகு, மேனேஜர் திருத்த மனு போட்டு அவருடைய பாக்கி நீங்கியது. அடுத்த மாதச் சம்பளச் சீட்டை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "சலானும் காட்டுங்கண்ணா" என்றார்.