மலை வரைபடத்துக்கு நிறம்: கிரேடியன்ட்டா, பட்டையா?

சேலத்திலிருந்து சேர்வராயன் மலை வரைக்கும் ஓர் உயர வரைபடம், பைத்தானில் படம் வரையும் நிரல்தொகுப்பான மேட்பிளாட்லிப்பில் போட்டேன். டவுன் சுமார் 280 மீட்டரில் இருக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போனால் 1,500. விரிடிஸ் நல்ல நிறவரிசைதான், 2.0 பதிப்பிலிருந்து அதுதான் டீஃபால்ட், ஜெராக்ஸ் எடுத்தாலும் மேடு பள்ளம் தெரியும். ஆனால் காபி விளையும் 900 மீட்டர் எங்கே தொடங்குகிறது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் நிறத்தை நானே வைக்க வேண்டியதாயிற்று.

முதலில் எடுத்தது லீனியர்செக்மென்டெட்கலர்மேப், அதாவது ஒரு நிறம் மெல்ல அடுத்ததாக மாறும் கிரேடியன்ட். மஞ்சள், பச்சை, பழுப்பு என்று மூன்று நிறம் கொடுத்தால் நடுவில் உள்ளதை அதுவே குழைத்துக் கொடுத்துவிடும். ஒரே வரி வேலை, பார்க்கவும் அழகு.

சிக்கல், இரண்டாவது படம் போட்டபோது வந்தது. முதல் படம் 250 முதல் 1,650 மீட்டர் வரை. நடுப் பச்சை 950-இல் விழுந்தது. மலைமேல் பகுதியை மட்டும் 1,200-இலிருந்து போட்டதும் அதே பச்சை 1,425-க்குப் போய்விட்டது. இரண்டையும் மேசையில் விரித்தேன். தோட்டக்கார மாமா விரலை வைத்து, "ஏன் கண்ணு, நம்ம தோட்டம் இதுல பழுப்பா இருக்குது, அதுல பச்சையா இருக்குது?" என்றார். அவர் கேட்டது நியாயம். கீழெல்லை, மேலெல்லையை எல்லாப் படத்திலும் ஒன்றாக வைத்தால் இது சரியாகும். ஆனால் கிரேடியன்ட்டில் நிறத்தின் இடம் 0 முதல் 1 வரையிலான பின்னம். 250–1,650-இல் 900 என்பது 0.464, கீழெல்லையை 150 ஆக்கினால் அதே 900 என்பது 0.5. எல்லை மாறும்போதெல்லாம் எல்லாப் பின்னத்தையும் திரும்பக் கணக்குப் போட வேண்டும்.

இப்போது பட்டைக்கு மாறிவிட்டேன்: நிறங்களைப் பட்டியலாக வைக்கும் லிஸ்டெட்கலர்மேப்பும், எந்த உயரத்துக்கு எந்த நிறம் என்று எல்லை போட்டுப் பிரிக்கும் பவுண்டரிநார்மும் சேர்த்து வைத்திருக்கிறேன். 250, 500, 900, 1,200, 1,500, 1,650 என்று எல்லைகள் மீட்டரிலேயே நிற்கின்றன. எந்தப் படத்திலும் 900-க்கு மேல் பச்சை, அவ்வளவுதான். பரப்பைக் கீழே நீட்டினால் முன்னால் 150-ஐயும் ஒரு நிறத்தையும் சேர்த்தால் போதும், மற்றதைத் தொட வேண்டாம். ஆறு மாதம் கழித்துக் கோப்பைத் திறந்தாலும் எண்ணைப் பார்த்ததும் புரிகிறது.

இழப்பும் உண்டு. 910-உம் 1,190-உம் ஒரே பச்சை. பட்டைக்குள் இருக்கும் சரிவு தெரியாது. வெப்பநிலை, மழை மாதிரி சீராக மாறுவதற்கு நான் பட்டை போட்டுப் பழகவில்லை, அங்கே கிரேடியன்ட்டே பொருந்தலாம்.

பட்டைக்கு மாறுகிறவர்கள் எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்: எல்லை ஆறு என்றால் நிறம் ஐந்து. நிறம் குறைந்தால் பிழை காட்டி நின்றுவிடும். கூடினால் எதுவும் சொல்லாமல் நடுவில் ஒன்றைத் தாண்டிப் போய்விடும். என் காபிப் பச்சை ஒருமுறை அப்படித்தான் காணாமல் போயிற்று.