பெற்றோல் ஒழுக்கும் ஏறாவூர் கராஜும்: ஒரு மொறிஸ் மைனர்க்காரரின் மதிப்பீடு

ஏறாவூரில் திருகோணமலை வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கையொன்றில், பெயர்ப்பலகை எதுவுமின்றித் தகரக் கூரையின் கீழ் நடக்கும் சிறிய கராஜ் ஒன்றைப் பற்றியது இந்த மதிப்பீடு. 1098 சிசி எஞ்சின் பூட்டிய எங்கள் மொறிஸ் மைனர் என்ற பழைய பிரித்தானியக் காரில் நெடுநாளாக இருந்துவந்த பெற்றோல் மணம் அங்கேதான் தீர்ந்தது. அதற்கு முன்னர் வேறோர் இடத்தில் காரைக் கொடுத்தபோது, பொனற்றைத் திறந்த கையோடு பம்பை மாற்றிவிட்டார்கள். பணம் போனது, மணம் போகவில்லை. இந்தக் கராஜ்காரரோ ஒழுக்கைக் கண்ணால் காணும்வரை எந்தப் பாகத்தையும் கழற்றுவதில்லை என்பதில் உறுதியாக இருந்தார். அவருடைய வேலையில் நான் முதன்மையாக மதிப்பது அதைத்தான்.

பழைய காரில் பெற்றோல் ஒழுக்கைத் தேடுவது எஞ்சின் ஓயில் ஒழுக்கைத் தேடுவது போன்றதல்ல. ஓயில் விழுந்த இடத்தில் கிடக்கும். பெற்றோலோ மட்டக்களப்பு வெயிலில் நிலத்தைத் தொடுவதற்குள் பாதி ஆவியாகி, மங்கலான பழுப்புக் கறையை மட்டும் விட்டுச் செல்லும். அந்த ஆவியும் காற்றைவிடப் பாரமானதாகையால் தரையோடு ஊர்ந்து போய்ப் பள்ளமான இடத்தில் தேங்குகிறது. ஆகவே மணம் அதிகமாக வீசும் இடத்தையே ஒழுகும் இடம் என்று நம்பி வேலையைத் தொடங்குபவர் பெரும்பாலும் தவறான பாகத்தையே மாற்றுவார்.

காரைக் கொண்டுபோய் நிறுத்தியதும் கராஜ்கார நானா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அழைப்பது அப்படித்தான்) முதலில் கேட்டது ஒரு கேள்வி: "பெற்றோல் அடிச்ச அண்டைக்கா மணக்குது, இல்லாட்டி ஓடி வந்து நிப்பாட்டின பொறகா?" இரண்டு வேளையிலும் மணக்கிறது என்று சொன்னபோது, அப்படியானால் ஒழுக்கும் இரண்டாக இருக்கலாம் என்றார். தாங்கி நிறைந்திருக்கும்போது மட்டும் வரும் மணம் பெரும்பாலும் தாங்கியின் மேற்பக்க இணைப்புகளிலிருந்து வருவது; ஓடி நிறுத்தியபின் வருவது பெரும்பாலும் எஞ்சின் பக்கத்தைச் சேர்ந்தது. இந்த ஒரு கேள்வியிலேயே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிட்டது.

அடுத்துச் செய்த சோதனை மொறிஸ் மைனர் வைத்திருக்கும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டியது. இந்தக் காரில் எஞ்சினுக்கும் உட்புறத்துக்கும் இடையிலுள்ள தகட்டில் தாங்கியிலிருந்து பெற்றோலை இழுத்துக் கொடுக்கும் எஸ்.யு. என்ற தயாரிப்பு மின்சாரப் பம்ப் ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பினால் அது டிக் டிக் என்று அடித்து, பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேற்றரில் பெற்றோல் தங்கும் மிதவைக் கிண்ணம் நிறைந்ததும் ஓய்ந்துவிட வேண்டும். எங்கள் காரில் அது ஓய்ந்தது. ஆனால் சற்று நேரத்துக்கு ஒருமுறை தனியாக ஒரு டிக் கேட்டுக்கொண்டே இருந்தது. அதன் பொருள், நிரப்பிய பெற்றோல் எங்கேயோ குறைந்துகொண்டிருக்கிறது என்பதாகும். ஒன்றில் அது காபரேற்றர் பக்கத்தால் வெளியேற வேண்டும், அல்லது பம்பின் உள்வால்வு பிடிக்காமல் பின்னோக்கி இறங்க வேண்டும். பம்புக்கும் காபரேற்றருக்கும் இடையிலுள்ள றபர் குழாயை வெட்டாத மழுங்கிய கிளிப்பால் நெரித்துவிட்டு மறுபடியும் சாவியைத் திருப்பியபோது அந்தத் தனி டிக் நின்றுவிட்டது. பம்ப் குற்றமற்றது என்பது அதோடு தெளிவாயிற்று. முன்னர் கழற்றி எறியப்பட்ட பம்பும் குற்றமற்றதாகவே இருந்திருக்கும் என்று எண்ணாமலிருக்க முடியவில்லை.

தாங்கியிலிருந்து பம்ப் வரையுள்ள குழாய் உறிஞ்சும் பகுதி என்பதையும் அவர் இடையில் விளக்கினார். அங்கே ஓட்டை விழுந்தால், ஓடும்போது பெற்றோல் வெளியே வருவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே போகும்; ஒரு சொட்டும் விழாது, ஆனால் பம்ப் ஓயாமல் வேகமாக அடித்துக்கொண்டே இருக்கும். நிலத்தில் சொட்டு இல்லை என்பதற்காக அந்தக் குழாய் நல்லது என்று முடிவு செய்யக்கூடாது என்பது இதிலிருந்து விளங்கும்.

பிறகு காபரேற்றரைத் துணியால் ஈரமறத் துடைத்து, இணைப்புகளின்மேல் கரம் பலகைக்குப் போடும் வெள்ளைப் பவுடரை மெல்லத் தூவினார். சாவியைத் திருப்பி விட்டுக் காத்திருந்தபோது, மிதவைக் கிண்ணத்தின் அடியில், அதிலிருந்து ஜெற் எனும் சிறு துளைக் குழாய்க்குப் பெற்றோலைக் கொண்டுபோகும் மெல்லிய நைலோன் குழாய் சேரும் இடத்தில், பவுடர் கறுத்து நனைந்தது. கிண்ண மூடியிலுள்ள வழிவுக் குழாய் உலர்ந்தே இருந்ததால், கிண்ணம் நிறைந்ததும் பெற்றோலை நிறுத்தும் ஊசிவால்வில் பிழை இல்லை. அடியிலிருந்த சிறிய றபர் வளையம் காய்ந்து கல்லாகியிருந்ததுதான் காரணம். இந்த எஞ்சினில் காபரேற்றரும் புகைக்குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கின்றன. அங்கே கசிவது சூடான இரும்பின்மேல் விழக்கூடியது என்பதால் இதைச் சிறு கோளாறு என்று தள்ளிவைக்க முடியாது. பெற்றோலுக்குச் சுழியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவி எழும். நம் ஊரின் வெப்பத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

இரண்டாவது ஒழுக்கு டிக்கிக்குள் இருந்தது. மைனரின் தாங்கி டிக்கித் தரையின் கீழ் இருப்பதால், அதைத் தொடுவதற்கு முன்னரே பற்றரியின் எதிர்முனை வயரைக் கழற்றினார். வெளிச்சத்துக்குச் சூடேறும் பழைய குமிழ் விளக்கைப் பயன்படுத்தாமல் எல்.ஈ.டி. ரோச்சையே பிடித்தார். தாங்கியில் பெற்றோல் அளவைக் காட்டும் கருவியின் வட்டத் தகட்டுக்குக் கீழிருந்த கசியாமல் அடைக்கும் தக்கைக் காஸ்கெற் வெடித்துப் பொடியாகியிருந்தது. கழுத்துவரை நிரப்பிய காரை வெயிலில் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் ஏறும்போது பெற்றோலின் கனவளவு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுகிறது. நிலத்தடித் தாங்கியிலிருந்து வந்த 30 லீற்றர் குளிர்ந்த பெற்றோல் 10 பாகை சூடேறினால் ஏறக்குறைய 300 மில்லிலீற்றர் மேலதிகமாக இடம் தேடும். இந்த ஒழுக்கின் மணம் நிரப்பிய நாளில் மட்டும் ஏன் வந்தது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

காஸ்கெற்றுக்குப் பதிலாகச் சிலிக்கன் பசையைத் தடவிவிடலாமே என்று உடன்வந்த உறவினர் கேட்டபோது, சாதாரணச் சிலிக்கன் பெற்றோலில் ஊறி உப்பிப் பிரிந்துவிடும் என்று மறுத்து, உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில் பாகத்தை எடுப்பித்தார். அதுவரை காரை ஓட்டக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். குழாய்களில் பிழை தெரியாவிட்டாலும் பழைய றபர் அனைத்தையும் மாற்றச் சொன்னார்; புதியவற்றில் எரிபொருளுக்கு உரியது என்பதைக் காட்டும் எஸ்.ஏ.ஈ. ஜே30 என்ற அச்சு இருந்தது. கடைகளில் மீற்றர் கணக்கில் விற்கும் தெளிந்த பிளாஸ்ரிக் குழாய் பெற்றோல் பட்டுச் சில காலத்தில் விறைத்து வெடிக்கும் என்பதால், மலிவு என்று அதைப் போடுவோரை நான் இனி நம்பமாட்டேன். காரின் அடியில் ஓடும் இரும்புக் குழாயைக் கிளிப்புகள் பிடிக்கும் இடங்களில் நகத்தால் சுரண்டிப் பார்த்ததும் நல்ல பழக்கம். கடற்காற்றும் வாவிக் காற்றும் சேரும் இந்தப் பகுதியில் துரு முதலில் பிடிப்பது அங்கேதான். எங்களுடையது மேல்துருவோடு தப்பியிருந்தது.

தாங்கியிலேயே ஓட்டை இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வெல்டிங் வைக்கும் வேலையைத் தான் செய்வதில்லை, வேறு தாங்கி தேடச் சொல்வேன் என்றார். வெறுமையான தாங்கியில்தான் ஆவியும் காற்றும் வெடிக்கத்தக்க அளவில் கலந்திருக்கும் என்பதால் இந்த மறுப்பை நான் திறமைக் குறைவாகக் கருதவில்லை.

கூலி குறைவு என்று சொல்ல முடியாது. உதிரிப்பாகங்களுக்குக் கொடுத்தது கூலியின் கால்வாசிகூட வராது; தேடியதற்கும் சேர்த்தே பணம் கேட்டார். பம்ப் மாற்றிய செலவை நினைத்துப் பார்த்தபோது அது நியாயமாகவே பட்டது. ஆனால் எழுத்தில் பில் கிடையாது, எந்தப் பாகம் என்ன விலை என்பதை வாய்மொழியாகவே கேட்டுக்கொள்ள வேண்டும். தொலைபேசியை எடுப்பதும் அரிது. இவற்றைவிடப் பெரிய குறை, தூணில் தொங்கிய தீயணைப்புக் கருவியின் அழுத்தம் காட்டும் முள் பச்சைப் பகுதிக்குக் கீழே இறங்கியிருந்ததாகும். இவ்வளவு கவனமாகப் பெற்றோலைக் கையாளும் ஒருவரின் கராஜில் அதைக் கண்டது வருத்தமளித்தது. சொன்னபோது தலையாட்டினார், காரை எடுத்துவரப் போனபோதும் அதே கருவி அப்படியே இருந்தது. வாளியில் மணல் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

காபரேற்றர் பூட்டிய பழைய கார்களுக்கு இந்தக் கராஜைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பெற்றோலை உயர் அழுத்தத்தில் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் கார்களை அவரே ஏற்பதில்லை; அவற்றுக்குரிய அழுத்தமானி தன்னிடம் இல்லை என்று திருப்பி அனுப்பியதை நேரில் கண்டேன். போவதானால் தாங்கியைப் பாதிக்குக் கீழே வைத்துக்கொண்டு, காலையில் வேலை தொடங்கும் நேரத்துக்கே போவது நல்லது. எஞ்சின் ஆறும்வரை அவர் ஸ்பனரைக் கையில் எடுப்பதில்லை. வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆவுக்காக மூடினால் பிற்பகல் வரை திறக்கமாட்டார்.