11.6, 12.5, 13.5, 14: சின்ன லேப்டாப்பில் எந்த ஸ்கிரீன் சரிப்படும்?

லேப்டாப் வாங்கும்போது சொல்லப்படும் அந்த இன்ச் கணக்கு மூலைக்கு மூலை அளந்தது. நாம் நாள் முழுக்க படிப்பதும் எழுதுவதும் மேலிருந்து கீழாக. அதனால் உயரத்தைக் கேளுங்கள். 16:9 ஸ்கிரீன் (அகலம் 16 பங்கு, உயரம் 9 பங்கு) என்றால் 11.6 இன்ச்சுக்கு உயரம் 14.4 செ.மீ., 12.5-க்கு 15.6, 13.3-க்கு 16.6, 14-க்கு 17.4. ஆனால் 3:2 விகிதத்தில் வரும் 13.5 இன்ச் ஸ்கிரீனின் உயரம் 19 செ.மீ. இது 14-ஐத் தாண்டி, பெரிய 15.6 இன்ச் லேப்டாப்பின் 19.4-ஐ கிட்டத்தட்ட தொட்டுவிடுகிறது. பெயரில் சின்னது, படிக்க உட்கார்ந்தால் பெரியது.

10 இன்ச்சும் அதற்குக் கீழே உள்ளதும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2007-இல் ஏசூஸ் ஈ பிசி 701 வந்தபோது 7 இன்ச்சில் 800x480 புள்ளிகள்தான், இன்றைய இணையப் பக்கம் ஒன்றைத் திறந்தால் அதன் தலைப்புப் படமே ஸ்கிரீனை அடைத்துவிடும். பிரித்து விளையாட அருமையான பொருள், வேலைக்கு வேண்டாம்.

11.6 இன்ச்சுக்கு இன்னும் ஆள் இருக்கிறார்கள், பையில் போட்டால் இருக்கிற இடமே தெரியாது என்பதுதான் காரணம். சரி, ஆனால் பெரும்பாலானவை 1366x768. பிரவுசரின் டேப், முகவரிப் பட்டை, கீழே டாஸ்க்பார் எல்லாம் எடுத்துக்கொண்டது போக உயரத்தில் 600 புள்ளி வரிசை மிஞ்சினால் அதிகம். பாகங்களைக் கழற்றி மாற்றுவதற்கும் இந்த அளவு கஞ்சத்தனமானது. 11 இன்ச் மேக்புக் ஏரில் ரேம் போர்டிலேயே சால்டர் செய்தது, வாங்கியது வாங்கியதுதான்.

கைவேலைப் பிரியர்களுக்கு 12.5தான் தாய்வீடு. திங்க்பேட் எக்ஸ்220 (2011), எக்ஸ்230 (2012) இரண்டையும் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு பாதி பிரித்துவிடலாம். மங்கலான டிஎன் வகை பேனலை (ஸ்கிரீன் தகடு) கழற்றிவிட்டு, பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் கெடாத ஐபிஎஸ் வகை பேனல் போடுவது ஒரு மாலை நேர வேலை. எக்ஸ்230-இல் எக்ஸ்220-இன் ஏழு வரிசை கீபோர்டைப் பொருத்துகிறவர்கள் உண்டு, கொஞ்சம் ராவ வேண்டும், எல்லா கீயும் சரியாக வேலை செய்ய போர்டில் பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரையும் திருத்த வேண்டும். 1080 (1920x1080) ஸ்கிரீன் போடுவதுதான் பெரிய வேலை. இந்த மெஷின்களில் பேனலுக்குப் படத்தைக் கொண்டுபோகும் எல்விடிஎஸ் என்ற இணைப்பு 1366x768-க்காக அமைத்தது. அதனால் டாக்கிங்குக்கு (மேசையில் லேப்டாப்பை மாட்டிவைக்கும் தட்டு) போகும், வெளி மானிட்டருக்கான டிஸ்ப்ளேபோர்ட் தடங்களில் முடி மாதிரி வயர்களை சால்டர் செய்து, ஒரு குட்டி போர்டு வழியாக இடிபி என்ற புதிய வகை இணைப்புள்ள பேனலுக்குக் கொண்டுபோகிறார்கள். கை நடுங்குகிறவர்கள் ஒதுங்கிவிடலாம், தப்பே இல்லை.

நான் கை நடுங்கி அல்ல, அவசரப்பட்டுக் கெடுத்துக்கொண்டவன். வெறும் பேனல் மாற்றம்தான், பேட்டரியைக் கழற்றாமலே கனெக்டரைக் கொஞ்சம் கோணலாகச் செருகிவிட்டேன். ஆன் செய்தால் இருட்டு. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே டெஸ்க்டாப் பேய் மாதிரி லேசாகத் தெரிகிறது. போர்டில் இருந்த கடுகளவு பேக்லைட் ஃபியூஸ் (ஸ்கிரீனுக்குப் பின்னால் எரியும் விளக்குக்கானது) போயிருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம், மாற்றப் பத்து நிமிஷம்.

13.3-இல் ஒரு கண்கட்டு இருக்கிறது. 1920x1080 என்றதும் நிறைய இடம் கிடைக்கும் என்று தோன்றும், ஒரு இன்ச்சுக்கு 165 புள்ளி என்பதால் எழுத்து பொடிப்பொடியாக வரும், கண் வலிக்கிறது என்று 150 சதவீதம் பெரிதாக்கினால் கையில் நிற்பது 1280x720-க்கான இடம். உயரத்தில் பழைய 768-ஐ விடக் குறைவு! 125-இல் வைத்தால் 864, அது பரவாயில்லை. 3:2-வில் வரும் ஃபிரேம்வொர்க் லேப்டாப்பின் 13.5 இன்ச்சில் 2256x1504, அதை 150-இல் வைத்தாலும் 1003 வரிசை நிற்கிறது. அதில் ஸ்கிரீனைச் சுற்றியுள்ள சட்டம் காந்தத்தில்தான் ஒட்டியிருக்கிறது, நகத்தால் நெம்பினால் வந்துவிடும். ஒரே குறை, பேனலை வெளிச் சந்தையில் கண்டதையெல்லாம் வாங்கிப் போட முடியாது, அந்த விகிதத்தில் வருவதே குறைவு.

பேனல் கிடைப்பதில் 14-ஐ அடிக்க ஆளில்லை. திங்க்பேட் டி480 (2018) எடுத்துக்கொள்ளுங்கள்: ரேமுக்கு இரண்டு ஸ்லாட், உள்ளே ஒரு பேட்டரி, வெளியே கழற்றக்கூடிய இன்னொன்று. 1080 பேனல்களில் பலவற்றின் கனெக்டர் 30 பின், விருப்பப்பட்டதை மாற்றலாம். 2560x1440 வேண்டுமென்றால் மட்டும் 40 பின் கேபிளையும் சேர்த்து மாற்ற வேண்டும், இதை மறந்துவிட்டு பேனல் மட்டும் வாங்கி விழிப்பவர்கள் நிறைய. அகலத்தில் எக்ஸ்220-ஐ விட மூன்று செ.மீ. சொச்சம்தான் அதிகம். இந்த மூன்று சென்டிமீட்டருக்காக 12.5-ஐக் கட்டிக்கொண்டு அழுதேனே என்று பிறகு தோன்றியது.

தினமும் எழுதவும் படிக்கவும் மட்டும் என்றால் 3:2 உள்ள 13.5. அதே மெஷினை நோண்டவும் வேண்டும், உதிரிபாகமும் தட்டாமல் கிடைக்க வேண்டும் என்றால் 14. வேலைக்கு இன்னொரு லேப்டாப் இருக்கிறவர்கள் 12.5-இல் இறங்கலாம். எதுவானாலும் பேனல் ஆர்டர் போடுவதற்கு முன் பழையதைக் கழற்றி, பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணையும் கனெக்டர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு.