‘ஸ்பீட் கூட்டித் தர்றோம்’ என்று ரவுட்டரை வாங்கிப் போகிறவர்கள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் வீட்டில் 4ஜி ரவுட்டர் வைத்திருப்பவர்கள் அதன் டிஎன்எஸ் செட்டிங்கை (போனுக்கு இணையதளங்களின் வழி சொல்லும் சர்வரின் எண் இருக்கும் இடம்) இன்றைக்கே ஒருமுறை பாருங்கள். எந்தக் கடைக்காரராவது “ஸ்பீட் கூட்டித் தர்றேன்” என்று சொல்லி அதை வாங்கிப் போயிருந்தால் கட்டாயம் பாருங்கள்.

எங்கள் அக்கா வீட்டில் நடந்தது இது. நோர்வூட் பக்கம் ஒரு தோட்டம். டவர் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஜன்னல் ஓரம் வைத்தால் மூன்று கோடு, அலுமாரி மேலே வைத்தால் ஒரு கோடு. பொழுது சாய்ந்ததும் எல்லா வீட்டிலும் போனைத் திறப்பார்கள், அப்புறம் நெட் ஊரும். மகன் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதப்போகிறான், சூம் வகுப்பு பாதியில் நின்று நின்று போகிறது. டவுனில் போன் திருத்தும் கடையில் அக்கா கேட்டிருக்கிறார். “கம்பனி சர்வர் ஸ்லோ அக்கா, நம்ம சர்வர் போட்டா ரெண்டு மடங்கு வரும், 3,500 ஆகும்” என்றாராம் அவர்.

அங்கேயே டெஸ்ட் செய்தும் காட்டியிருக்கிறார். வீட்டில் ராத்திரி 3 எம்பி காட்டிய ரவுட்டர் கடையில் 25 காட்டியதாம். காட்டத்தானே செய்யும்! கடைக்குக் கொஞ்ச தூரத்தில் டவர், நேரமோ பட்டப்பகல், ஆட்கள் எல்லாம் வேலைக்குப் போயிருப்பார்கள். எந்த ரவுட்டரைக் கொண்டுபோய் அங்கே வைத்தாலும் அதே கணக்குத்தான் வரும். இந்தத் தந்திரத்தைத்தான் முதலில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்பீட் டெஸ்ட் செய்வதென்றால் உங்கள் வீட்டில், உங்களுக்கு நெட் இழுக்கும் நேரத்தில் செய்ய வேண்டும்.

அவர் உள்ளே செய்தது இரண்டு வேலை. ரவுட்டரின் டிஎன்எஸ் கட்டங்களில் ஏதோ இரண்டு எண்களைப் போட்டார். பிறகு ரவுட்டரின் செட்டிங்குக்குள் நுழையத் தேவையான அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

டிஎன்எஸ் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரு இணையதளத்தின் பெயரை அடித்ததும், அந்தப் பெயருக்குரிய ஐபி எண்ணை (இணையத்தில் அதன் முகவரி) தேடிக் கொடுப்பது டிஎன்எஸ் சர்வர்தான். அந்த எண் கிடைத்த பிறகுதான் உங்கள் போன் அங்கே போகும். தோட்டத்துக் கடிதங்கள் எல்லாம் தோட்ட ஆபீஸ் வழியாக வருவது நமக்குத் தெரியும். அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவர் நினைத்தால் யார் கடிதத்தையும் வேறு யார் கையிலும் கொடுக்கலாம். டிஎன்எஸ் எண்ணை மாற்றுவது அந்த மேசையில் வேறு ஆளை உட்கார வைப்பது மாதிரி. அதோடு, உங்கள் வீட்டிலிருந்து எந்தெந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்பதும் அந்த ஆளுக்குத் தெரியும்.

நல்ல டிஎன்எஸ் போட்டால் பெயர் தேடும் நேரத்தில் சில மில்லிசெகண்ட் மிச்சமாகலாம். அவ்வளவுதான். டவருக்கும் வீட்டுக்கும் இடையில் மலை நிற்பதையோ, மாலை நெரிசலையோ, பெக்கேஜ் முடிந்ததும் கம்பனி வேகத்தைக் குறைப்பதையோ அது மாற்றாது. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போது பேஸ்புக், வாட்ஸ்அப்பை முடக்கினார்களே, அப்போது தடையைச் சுற்றிப் போக உதவும் வீபிஎன் என்ற சொல் தோட்டத்து லயங்கள் (வரிசை வீடுகள்) வரை வந்து சேர்ந்தது. ‘உள்ளே ஏதோ மாத்தினா எல்லாம் சரியாகும்’ என்ற நம்பிக்கையும் அதோடு வந்தது என்பது என் எண்ணம். இந்த மாதிரிக் கடைக்காரர்கள் அதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள்.

சில வாரத்தில் வீட்டு வைஃபையில் மட்டும் சூதாட்ட விளம்பரங்கள் வர ஆரம்பித்தன. அதே போனில் வைஃபையை நிறுத்தி சிம் டேட்டாவுக்குப் போனால் ஒன்றும் வராது. அப்புறம் ஒருநாள் வங்கியின் தளத்தைத் திறந்தால் ‘உங்கள் இணைப்பு தனிப்பட்டது அல்ல’ என்று பிரௌசர் மறித்தது. அக்கா கடைக்குப் போன் எடுத்தால், “அது சும்மா வர்றது அக்கா, அட்வான்ஸ்ட்னு இருக்கும், அதை அமத்திட்டு உள்ளே போங்க” என்றாராம்.

அக்கா அமத்தவில்லை. எனக்குப் போன் அடித்தார். ஒரு தளம் தன் அடையாளச் சான்றிதழைச் சரியாகக் காட்டவில்லை என்றால் அந்த எச்சரிக்கை வரும். போனில் தேதி தப்பாக இருந்தாலும் வரும், ஆனால் அக்காவின் போனில் தேதி சரியாகவே இருந்தது. வங்கிப் பக்கத்தில் அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகச் சொல்பவர் யாராக இருந்தாலும் போனை வைத்துவிடுங்கள். கடைக்காரருக்கும் விஷயம் தெரியாமல் இருந்திருக்கும் என்று மச்சான் இன்னும் சொல்கிறார். தெரியாதவர் எதற்கு அட்மின் பாஸ்வேர்டை மாற்றி ஒளித்து வைக்கிறார்?

பாஸ்வேர்டைக் கேட்டதற்கு, “தம்பி, கை வைக்காதீங்க, லைன் போயிரும்” என்றார் கடைக்காரர் என்னிடம். இன்டர்நெட் கம்பனியின் ஹொட்லைன் அதைவிட மோசம். தமிழுக்கான எண்ணை அழுத்திக் காத்திருந்தால் கடைசியில் சிங்களத்தில்தான் பேசினார்கள். ரவுட்டர் அவர்களுடையதாம், ஆனால் செட்டிங்கை மாற்றியது நாமாம், அதனால் தூக்கிக்கொண்டு கிளைக்கு வர வேண்டுமாம். வங்கித் தளம் திசைமாறுகிறது என்று சொல்லியும் ஹொட்லைனில் பேசிய அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இது புதிதாக வந்த மோசடியும் இல்லை. டிஎன்எஸ்சேஞ்சர் என்ற வைரஸால் நூறு நாடுகளுக்கு மேல் சுமார் 40 லட்சம் கணினிகளின் டிஎன்எஸ் எண்களை மாற்றி, விளம்பரத்தில் கோடிக்கணக்கில் சம்பாதித்த கும்பலை 2011 நவம்பரில் பிடித்தார்கள். எஸ்தோனியாவில் ஆறு பேர் கைதானார்கள். வாங்கும்போதே இருந்த டீஃபோல்ட் பாஸ்வேர்டை மாற்றாத வீட்டு ரவுட்டர்களுக்குள்ளும் அந்த வைரஸ் நுழையப் பார்க்கும். அவர்களுக்கு வைரஸ் தேவைப்பட்டது, இங்கே நாமே ரவுட்டரைக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

பார்ப்பது எப்படி என்றால், ஐபோனில் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன வட்டத்தை அமத்தி டிஎன்எஸ் பகுதிக்குப் போங்கள். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் வைஃபை விவரங்களிலேயே இருக்கும். 192.168 என்று தொடங்கினால் அது ரவுட்டரின் சொந்த எண், அதனால் ரவுட்டருக்குள்ளேயும் போய்ப் பார்க்க வேண்டும். 8.8.8.8, 8.8.4.4 கூகுளுடையது. 1.1.1.1, 1.0.0.1 கிளவுட்ஃபிளேருடையது. 9.9.9.9 குவாட்9, மோசடித் தளங்கள் என்று தெரிந்தவற்றை அதுவே தடுத்துவிடும். இவை எல்லாம் இலவசம். இவை இல்லாமல், உங்கள் கம்பனியுடையதும் இல்லாமல் வேறு எண் இருந்தால் யார் போட்டார் என்று கேளுங்கள்.

அக்காவின் ரவுட்டரை ஊசியால் ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். சிம் போட்ட ரவுட்டர் என்பதால் லைன் தானாகவே வந்துவிட்டது. வயர் வழியாக வரும் ஃபைபர், ஏடிஎஸ்எல் இணைப்பு வைத்திருப்பவர்கள் அவசரப்பட்டு ஊசியை எடுக்காதீர்கள். அவற்றில் கம்பனி கொடுத்த யூசர்நேமும் பாஸ்வேர்டும் அழிந்துபோகலாம், அவை கையில் இருந்தால் மட்டும் ரீசெட் செய்யுங்கள். பிறகு அட்மின் பாஸ்வேர்டை மாற்றி அக்காவின் கொப்பியில் எழுதி வைத்தேன். டிஎன்எஸ் கட்டத்தில் 1.1.1.3, 1.0.0.3 போட்டேன். கிளவுட்ஃபிளேரின் இந்த எண்கள் மோசடித் தளங்களையும் ஆபாசத் தளங்களையும் சேர்த்துத் தடுக்கும், பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நல்லது. ரவுட்டரை ஜன்னலுக்கு மாற்றியதும் சூம் வகுப்பு ஓரளவு ஓடுகிறது. மாலை நெரிசல் அப்படியேதான் இருக்கிறது, அதற்கு டவர்தான் வர வேண்டும்.

சில கம்பனி ரவுட்டர்களில் டிஎன்எஸ் கட்டம் பூட்டியே இருக்கும், அல்லது நாம் மாற்றியதைக் கம்பனி தூரத்திலிருந்தே திருப்பிவிடும். அதற்காக யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்குப் பிந்தியது உள்ள போன்களில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்று ஒரு செட்டிங் இருக்கிறது. அதில் dns.google என்று அடித்தால் போதும். ரவுட்டரில் எவர் எந்த எண்ணைப் போட்டிருந்தாலும் அந்தப் போன் கேட்காது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது கடைக்காரர் முதலில் சிரித்தார். நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற எண்ணுக்குப் போன் அடிக்கப்போகிறேன் என்றதும் 2,000 ரூபாய் எடுத்து நீட்டினார். பில் இல்லாததால் மிச்சத்தை அக்கா விட்டுவிட்டார். அங்கே ரவுட்டர் கொடுத்த இன்னும் சில வீடுகள் அதே தோட்டத்தில் இருக்கின்றன, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் ரவுட்டரில் எங்கே பார்ப்பது என்று தெரியாவிட்டால் மாடல் பெயரை எழுதுங்கள், சொல்கிறேன். அட்மின் பாஸ்வேர்டை மட்டும் இங்கே எழுதிவிடாதீர்கள்.