பட்டர்வொர்த் வழியாக இரசாயன இறக்குமதி: லைசன்ஸ் எடுத்த பிறகு வரும் ஆண்டுகள்

"இரசாயன இறக்குமதி லைசன்ஸ் எங்கே எடுப்பது?" என்ற கேள்விக்கு மலேசியாவில் நேரான பதில் கிடையாது. அப்படி ஒரே ஒரு லைசன்ஸ் இல்லை. எந்தக் கதவைத் தட்டுவது என்பதைச் சரக்குதான் சொல்லும். காஸ்டிக் சோடா என்றால் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டம், மாநில மருந்தக அமலாக்கப் பிரிவு. பூச்சிமருந்து என்றால் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் பூச்சிக்கொல்லி வாரியம். கதிரியக்கப் பொருளுக்கு 1984ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டம். ஆகவே அலுவலகத்தைத் தேடுவதற்கு முன் சரக்கின் சிஏஎஸ் எண்ணையும் (ஒவ்வொரு இரசாயனத்துக்கும் உரிய தனி அடையாள எண்) எச்எஸ் குறியீட்டையும் (சுங்கத்துறை சரக்கை வகைப்படுத்தும் எண்) கையில் வைத்துக்கொண்டு, சுங்கத்துறையின் இறக்குமதித் தடை ஆணையில் அந்தக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சரக்கு கப்பல் ஏறும் முன்பே பெர்மிட் வாங்கிவிட வேண்டும். கொள்கலன் பெட்டி பினாங்கின் பட்டர்வொர்த் துறைமுக முனையத்தில் இறங்கிய பிறகு ஓடினால், நாளுக்கு நாள் ஏறும் டெமரேஜ் (தாமதக் கட்டணம்) லாபத்தைத் தின்றுவிடும்.

முதல் தடவை எடுப்பது, உண்மையில், அவ்வளவு கஷ்டமில்லை. எஸ்எஸ்எம் (நிறுவனப் பதிவு ஆணையம்) பதிவு, மாநகர் மன்ற வளாக லைசன்ஸ், கிடங்கின் வரைபடம், எஸ்டிஎஸ் (இரசாயனத்தின் பாதுகாப்பு விவரத் தாள்), ஃபார்வர்டிங் ஏஜெண்ட் மூலம் இ-பெர்மிட். கழுத்தை நெரிப்பது அதற்குப் பிறகு வரும் ஆண்டுகள்தான்.

முதல் சிக்கல் ஆள். நச்சுப்பொருளை மொத்தமாக இறக்கி விற்கும் 'பி' வகை லைசன்ஸ் அதில் பெயருள்ள தனி மனிதருக்கு உரியது, கைமாற்ற முடியாது. அந்த மேலாளர் வேலையை விட்டுப் போனால் லைசன்ஸும் கூடவே போய்விடும். கம்பெனி பெயர் பலகை அப்படியே தொங்குகிறதே என்று நினைத்துப் பயனில்லை. பிறையில் இருந்து புக்கிட் மெர்தாஜாமுக்குக் கிடங்கை மாற்றினாலும் அதே கதை. லைசன்ஸ் டிசம்பர் 31 அன்று காலாவதியாகும், அக்டோபரில் எடுத்திருந்தாலும் சரி. வேலையை விட்டு விலகும் கடிதம் வந்த அன்றே மாற்று ஆளின் விண்ணப்பத்தைத் தொடங்குவதே பாதுகாப்பு.

இரண்டாவது சிக்கல் பெயர். அதிகம் நேரத்தைக் குடிப்பது இதுதான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு விற்கும் ஐசோபுரொப்பனாலை எடுத்துக்கொள்ளுங்கள். இன்வாய்ஸில் 'ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்', எஸ்டிஎஸ்ஸில் '2-புரொப்பனால்', சுங்க அறிவிப்பான கே1 பாரத்தில் 'ஐபிஏ 99%'. மூன்றும் ஒரே சிஏஎஸ் 67-63-0, ஒரே யூஎன் 1219 (அபாயச் சரக்குக்கான ஐ.நா. எண்) என்று நமக்குத் தெரியும். தாளைப் பார்க்கும் அதிகாரிக்கு அவை மூன்று சரக்கு. சப்ளையரிடம் முதல் ஆர்டரிலேயே சொல்லிவிடுங்கள்: எல்லாத் தாள்களிலும் ஒரே பெயர், பக்கத்தில் சிஏஎஸ் எண். காஸ்டிக் சோடாவில் இன்னொரு குழி இருக்கிறது. செதில் வடிவம் எச்எஸ் 2815.11, யூஎன் 1823, கரைசல் எச்எஸ் 2815.12, யூஎன் 1824. வாடிக்கையாளர் மூட்டையை விட்டுக் கரைசலுக்கு மாறும்போது பழைய ஃபைலையே தேதி மாற்றி அனுப்புவார்கள். அங்கேதான் பெட்டி நிற்கும்.

மூன்றாவது, 2013ஆம் ஆண்டு கிளாஸ் விதிகள் (அபாயகரமான இரசாயனங்களின் வகைப்பாடு, லேபிள், எஸ்டிஎஸ் பற்றியவை). அபாயகரமான இரசாயனம் ஒவ்வொன்றும் ஓர் ஆண்டில் ஒரு டன்னைத் தொட்டால், அதன் இருப்புக் கணக்கை அடுத்த ஆண்டு மார்ச் 31க்குள் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்குக் கொடுக்க வேண்டும். கணக்கு ஒவ்வொரு தடவை இறக்கும் அளவுக்கு அல்ல, ஆண்டு மொத்தத்துக்கு. ஐபிஏ டிரம் ஒன்று 160 கிலோ. ஆறு டிரம் 960 கிலோ, ஏழாவது வந்ததும் 1,120. மூன்று மூன்று டிரம்மாக எல்சிஎல்லில் (பிறர் சரக்கோடு பெட்டியைப் பகிர்ந்து) இறக்கும் சிறு வியாபாரிகள் "நாம் சின்ன ஆட்கள்தானே" என்று விட்டுவிடுவது வழக்கம். மாதக் கணக்கை மாதமே எழுதினால் மார்ச்சில் பழைய டெலிவரி ஆர்டர்களைத் தோண்ட வேண்டியதில்லை. எஸ்டிஎஸ் 16 பகுதிகளோடு பஹாசா மலேசியாவிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒரு தடவையாவது திருப்பிப் பார்க்க வேண்டும். சப்ளையர் அனுப்பும் எஸ்டிஎஸ்ஸில் அவருடைய நாட்டு ஃபோன் எண் மட்டும் இருந்தால் போதாது. இங்கே இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தொலைபேசி வேண்டும்.

லேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. கிடங்கில் காகிதத்தில் இங்க்ஜெட்டில் அடித்து ஒட்டுவார்கள். பம்ப் போட்டு ஐபிஏ இறைக்கும்போது மூடியோரம் வழியும் துளிகள் லேபிள் மேல் இறங்கும். மை கரைந்து, அபாயக் குறியான சிவப்பு ஓரச் சாய்சதுரம் இளஞ்சிவப்புக் கறையாகும்; 'பஹாயா' (அபாயம்) என்ற சொல்லே தெரியாது. சட்டப்படி லேபிள் இல்லாத டிரம் அது. பாலியஸ்டர் லேபிளும் அச்சிட ரெசின் மை ரிப்பனும் கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் நிற்கும். கடல்வழி அனுப்பும் டிரம்முக்கு ஐஎம்டிஜி (அபாயச் சரக்குகளின் பன்னாட்டுக் கடல்வழிப் போக்குவரத்து) விதி இன்னும் கறார்: அடையாளங்கள் மூன்று மாதம் கடல்நீரில் கிடந்தாலும் படிக்க வர வேண்டும்.

ஏற்றுமதியில் பலரும் தடுக்கி விழுவது ஆயுதத்துக்கும் பயன்படக்கூடிய பொருள்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் 2010ஆம் ஆண்டு வியூக வர்த்தகச் சட்டத்தில். ஷாம்பூவில் சேர்க்கும் ட்ரைஎத்தனோலமைன் இரசாயன ஆயுத உடன்படிக்கையின் மூன்றாம் பட்டியலில் இருக்கிறது. சில்லு தொழிற்சாலைகளில் புழங்கும் ஹைட்ரஜன் ஃபுளோரைடும் கட்டுப்பாட்டுப் பொருள்தான். "சோப்புச் சாமான்தானே" என்று அனுப்பிவிட்டுப் பிறகு மிட்டியிடம் (முதலீட்டு, வர்த்தக, தொழில் அமைச்சு) விளக்கம் எழுதுவதை விட, விலை சொல்லும்போதே பட்டியலைப் பார்ப்பது நல்லது.

காலி டிரம்மையும் மறக்காதீர்கள். இரசாயனம் ஒட்டிய டிரம் எஸ்டபிள்யூ 409, அதாவது பட்டியலிடப்பட்ட கழிவு. 180 நாள் அல்லது 20 டன், அதற்கு மேல் வளாகத்தில் வைக்கக்கூடாது. பதிவேடு மூன்று ஆண்டு இருக்க வேண்டும். கழுவித் தரச் சொல்லி வெளிநாட்டுச் சப்ளையருக்கே திருப்பி அனுப்பலாம் என்று தோன்றும். அது கழிவு ஏற்றுமதி. சுற்றுச்சூழல் துறைத் தலைமை இயக்குநரின் எழுத்துவழி அனுமதி இல்லாமல் ஒரு டிரம்கூடத் துறைமுக வாசலைத் தாண்டக்கூடாது.