கறிக்கோழி ஒப்பந்தமா, சொந்த முட்டைக்கோழியா?

தோட்டமும், உழைக்க வீட்டில் இரண்டு பேரும் இருந்தால் இரண்டுமே நடக்கும். பணம் எப்போது கைக்கு வரும் என்பதில்தான் வித்தியாசம்.

பல்லடம் பக்கத்து ஒப்பந்த முறையில் குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையது. செட், கரண்ட், தண்ணீர், ஆள் நம்முடையது. சுமார் 40 நாளில் 2 கிலோ ஏறிவிடும். எடைக்கு ஏற்ப வளர்ப்புக் கூலி. சந்தை விழுந்தால் பெரும் அடி கம்பெனிக்கு. தீவனம் அதிகம் தின்று எடை ஏறாவிட்டால் அடி நமக்கு. பெரும்பாலும் முதல் வாரத்திலேயே அது தீர்மானமாகிவிடும். குஞ்சு இறங்கும் முன்பே புரூடர் (குஞ்சுகளுக்குச் சூடு தரும் விளக்கடி இடம்) 33 டிகிரியாவது சூடேறியிருக்க வேண்டும். குஞ்சுகள் விளக்கடியில் குவிந்தால் குளிர். ஓரம் ஒதுங்கி வாய் பிளந்தால் சூடு. தரையில் போட்ட நார்க்கழிவைக் கையில் இறுக்கிப் பாருங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது, ரத்தக்கழிச்சல் பின்னாலேயே வரும். ஒழுகும் நிப்பிளை (குஞ்சு தண்ணீர் குடிக்கும் முனை) மாற்றி, உடனே கிளறிவிட வேண்டும்.

நாமக்கல் பாணிக் கூண்டில் முதல் முட்டைக்கே 18 முதல் 20 வாரம். அதுவரை செலவு மட்டும். பிறகு கோழிக்குத் தினம் சுமார் 110 கிராம் தீவனம், 16 மணி நேர வெளிச்சம். கோழிக்கு 72 வார வயது வரையாவது அன்றாட வரவு உண்டு. ஆனால் தீவன மக்காச்சோளம் விலை ஏறி, முட்டை விலை இறங்கினால் நஷ்டம் முழுக்க நம் தலையில். கறிக்கோழியில் செட்டைக் கழுவிக் காயப்போடும் இரண்டு வாரத்தில் கல்யாணம், கோயில் போகலாம். முட்டைக்கோழியில் பொங்கலன்றும் முட்டை பொறுக்கியாக வேண்டும்.

கையில் ஐந்து மாதத் தீவனப் பணம் இல்லாதவர் ஒப்பந்தத்தில் தொடங்குவதே நல்லது. இறப்பு எத்தனை சதவீதம் தாண்டினால் கூலி பிடிப்பார்கள், எரு யாருக்கு என்பதைக் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள்.